காமன் வில்லுக்கு நான் கட்டிய நாண்

ஒரு மகாராணியைத் தீப்பெட்டியில் அடைத்து, மடியில் செருகிக்கொண்டு, திருவிழாவுக்குப் போனவன் நான். இந்த முட்டாள்தனத்தை வேறு யாரும் செய்ததாகக் கேள்விப்படவில்லை. செய்திருந்தால் அவரும் என்னைப் போலவே வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார்.

இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. கொட்டகலைப் பக்கத்துப் பையன்கள் சிலருக்குப் புதிதாகத் தேன்பெட்டிகள் கொடுத்திருக்கிறார்கள். தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பு, கையுறை, முகத்துக்கு வலை எல்லாம் உண்டு. அதை மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, ஆஸ்பத்திரியிலிருந்துதான் ஆள் வந்துவிட்டது என்று நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். "ஐயா, ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, எங்க மலர்ல போடுறோம்" என்றார்கள். தேன் எடுப்பது எப்படி என்று எழுதுவேன் என்ற நம்பிக்கை அவர்களுக்கு. அதற்குத்தான் புத்தகம் கொடுத்திருக்கிறார்களே. ராணியை எங்கே வைக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அதை என்னைவிட அறிந்தவர் இல்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் எனக்குக் கவ்வாத்துக் கத்தியிலிருந்து விடுதலை கிடைத்தது. தேயிலைச் செடியைக் கிளை ஒடித்துக் குட்டையாக வெட்டுவதைத்தான் கவ்வாத்து என்போம். நான் வெட்டியதில் பாதி தேயிலை, மீதி என் கால்விரல். மூன்றாவது தடவை கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பார்த்தார். "இவன மலையில வுட்டா தேயிலையும் போயிரும், இவனும் போயிருவான். பங்களாவுக்கு அனுப்பு" என்றார். அப்படித்தான் தலவாக்கலைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்துப் பெரிய தொரையின் பங்களாவில், பூந்தோட்ட வேலைக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே பூவைவிடப் பூவுக்கு வருகிறவர்கள்தான் முக்கியம் என்று.

தொரையின் மனைவி, எங்கள் தொரசானி, தேனீ வளர்த்தார். டர்பன்டைன் மரங்களுக்கு அடியில் வரிசையாகப் பச்சைப் பெட்டிகள். கால் ஒவ்வொன்றும் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவுக்குள் நிற்கும், எறும்பு ஏறாமலிருக்க. உள்ளே மரச்சட்டங்கள், சட்டத்தில் அடை, அடையில் ஈ. லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், யாரும் தேனீ என்று நீட்டிச் சொல்வதில்லை, ஈதான். மரத்தில் தொங்கிக்கொண்டு ஆளைத் துரத்துகிறது குளவி. பெட்டிக்குள் இருந்துகொண்டு என்னைத் துரத்துகிறது ஈ. இதுதான் நான் முதல் மாதத்தில் கற்ற பாடம்.

தொரசானியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான, உயரமான மனுஷி. பெரிய வைக்கோல் தொப்பி, அதைச் சுற்றி வலை. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் பேசுகிற தமிழ் இருக்கிறதே! பிள்ளைகளை வளர்த்த ஆயம்மாவிடம் கற்ற தமிழ் அது. ஆயம்மா தொட்டிலில் கிடந்த பிள்ளைகளிடம் பேசியதை அப்படியே பிடித்துக்கொண்டார். நாட்டில் வேறு தமிழ் ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியாது.

"முத்தையா கண்ணு, ஈக்கு மம்மு குடுத்தியா?"

சீனிப்பாகு ஊற்றினாயா என்று அர்த்தம்.

"குடுத்தேங்க தொரசானி."

"பொய் சொல்லாத செல்லம். பூச்சாண்டி பிடிப்பான்."

பூச்சாண்டி என்றால் தொரை.

கொட்டு வாங்கினால், "உவ்வா வந்துச்சா?" என்று கேட்டு, கொடுக்கைக் கிள்ளி எடுக்கக் கூடாது, நகத்தால் பக்கவாட்டில் வழித்துவிட வேண்டும் என்று காட்டுவார். கிள்ளினால் விஷம் இன்னும் உள்ளே இறங்கும். வெயில் ஏறிய பிறகுதான் பெட்டி திறக்க வேண்டும், மூடியைத் திருகித் தூக்க வேண்டும், ஈயின் போக்குவரத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது, சட்டத்தை எடுத்த முகத்திலேயே திருப்பி வைக்க வேண்டும். எல்லாவற்றையும் தொட்டில் பாஷையில்தான் சொல்லுவார். ஒரு தடவைதான் சொல்லுவார். இரண்டாவது தடவை "கண்ணு" என்று மட்டும் சொல்லுவார். அந்தக் "கண்ணு"வைக் கேட்டால் எனக்கு முதுகுத்தண்டு ஜில்லிடும்.

ஈக்கள் கோபித்துக்கொண்டு கூட்டத்தோடு ஓடிவிடும் சாதி. அதைத் தடுக்கத் தொரசானி ஒரு வழி வைத்திருந்தார். பூப்பின்னுகிற சின்னக் கத்தரிக்கோலால் ராணியின் ஒரு பக்க இறக்கை நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார். ராணியால் பறக்க முடியாது. ராணி போகாமல் கூட்டமும் போகாது. எத்தனையோ தடவை பார்த்த பிறகு ஒருநாள் கத்தரியை என்னிடம் கொடுத்தார். கவ்வாத்தில் தோற்றவனுக்கு இன்னொரு கவ்வாத்து! அடையில் கறுப்பாக, கொழுகொழுவென்று, மற்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒன்று நடந்தது. இதுதான் மகாராணி என்று பிடித்து, கை நடுங்காமல் அழகாக வெட்டினேன். பெருமையோடு நீட்டினேன். தொரசானி வலையைத் தூக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"கண்ணு, இது ராணி இல்ல. இது மாப்பிள்ள."

ஒரு வேலையும் செய்யாமல் தின்றுவிட்டுத் திரிகிற ஆண் ஈ அது. அந்த மாப்பிள்ளை பாவம் பெட்டி வாசலில் நின்று பறக்கப் பார்த்து, பறக்கப் பார்த்து, விழுந்துகொண்டிருந்தது. பிறகு எனக்கு நடந்ததெல்லாம் அதன் சாபம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

சாபம் பலித்த கதைக்கு வருகிறேன். அதில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒரு அப்பா, ஒரு மகள்.

அப்பா பெரியண்ணன் கங்காணி. கொழுந்து மலையில் ஆள்களை மேய்க்கிறவர். மாசி மாதம் வந்தால் காமன் கூத்துக்கு மாஸ்டர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது அவர் குரல் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும். "கொழுந்துக்கு இவங்க, புல்லு வெட்ட இவங்க, கான் வெட்ட இவங்க..." என்று போய், நான் பங்களாவுக்கு ஏறுகிற பாதையைப் பார்த்து, "ஈ மேய்க்க ஒருத்தன்!" என்று முடிப்பார். களம் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய, அவர் மகளை நான் கட்ட நினைத்திருந்தேனே.

மகள் பேச்சியம்மா. பங்களாவுக்குக் கீழே உள்ள மலையில் கொழுந்தெடுக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுக்கும். "என்னங்க ஈக்காரரே, இன்னைக்கு ஒங்க புள்ளைங்க எல்லாம் வந்துட்டாங்களா, எண்ணிப் பாத்தீங்களா?"

"ஒண்ணு கொறையுது. ஒன் கூடையில இருக்கானு பாரு."

"இருந்தா நிறுவையில சேத்துப் போட்டுருவேன்."

எங்கள் காதல் வசனம் இவ்வளவுதான். இதற்கே எனக்கு ராத்திரி தூக்கம் வராது. என் மாமா ஒருவர் மெதுவாகப் பெண் கேட்டுப் பார்த்தார். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாராம்: "மாடு மேய்க்கிறவனுக்குக் குடுக்கலாம், பாலாச்சும் மிஞ்சும். ஈ மேய்க்கிறவனுக்கு வீக்கந்தான மிஞ்சும்?" அத்தோடு ராகலைப் பக்கத்திலிருந்து கணக்கப்பிள்ளை மாப்பிள்ளை ஒருவர் வரப்போவதாகவும், காமன் கூத்து முடிந்ததும் தாம்பூலம் மாற்றப் போவதாகவும் சேதி வந்தது.

அந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்த நாட்களில்தான் எனக்கு எல்லாக் கஷ்டமும் வந்திருக்கிறது.

காமன் கூத்து உங்களுக்குத் தெரியும். தவத்தில் இருக்கிற சிவன்மேல் காமன் மலர் அம்பு விடுவான், சிவன் கண்ணைத் திறந்து எரித்துவிடுவார், ரதி அழுவாள். காமனுக்குக் கரும்பு வில். அந்த வில்லுக்கு நாண், வரிசையாகப் பறக்கிற வண்டுகள். இதைக் கங்காணி வருஷா வருஷம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். ஆனால் வில்லில் கட்டியிருப்பது விளக்குக் கரி பூசிய கொச்சைக் கயிறு. ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் எவனாவது, "மாஸ்டர், வண்டு செத்துக் கெடக்கு!" என்று கத்துவான். கங்காணிக்கு அது ஆறாத புண்.

நான் போய்ச் சொன்னேன். "கங்காணி ஐயா, இந்த வருசம் நெஜ ஈயில நாண் கட்டித் தாரேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "கட்டலைன்னா?"

"அப்புறம் பேச்சி இருக்கிற பக்கம் திரும்பிப் பாக்க மாட்டேன்."

"கட்டிட்டா?"

"நீங்க என்னய நல்லாப் பாக்கணும். அவ்வளவுதான்."

மீசைக்குள் சிரித்தார். "கட்டு. பாப்போம்."

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், பையன்கள் கேட்டதற்காக, ஆனால் செய்யாதீர்கள். ராணி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூட்டம் ஒட்டும். ஆகவே கூத்தின் கடைசி நாள் காலையில், தொரசானியின் ஆக நல்ல பெட்டியைத் திறந்து, ராணியைப் பிடித்து, ஊசியால் துளையிட்ட தீப்பெட்டியில் போட்டேன். தீப்பெட்டியைக் கரும்பு வில்லின் கயிற்றில் நடுவே கட்டி, தேன்பெட்டிக்கு முன்னால் வில்லைத் தொங்கவிட்டு, ஈக்களை வாசலில் உதறிவிட்டால் மோப்பம் பிடித்து வந்து கயிறு நெடுக ஒட்டிக்கொள்ளும். வயிறு நிறைந்த ஈ கொட்டாது. ஆகவே முந்திய நாள் மம்மு தாராளமாக ஊற்றியிருந்தேன். ஒட்டிய பிறகு வில்லை அப்படியே சாக்குக்குள் நுழைத்துத் தூக்கிக்கொண்டு போவது. தொரசானி அன்று நுவரெலியாவுக்குப் போகிற நாள். சாயங்காலம் ஈக்களைத் திரும்பப் பெட்டியில் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. இதில் என்ன பிழை?

பிழை ஒன்றே ஒன்று. ராணியைத் தீப்பெட்டியில் போட்ட பிறகுதான், காமன் வேஷம் கட்டுகிற மருதை வில்லைத் தொட மாட்டேன் என்று அடம் பிடிப்பதாகச் சேதி வந்தது. மருதை ஆலையில் ரோலர் சுற்றுகிறவன். தோளைப் பார்த்தால் தூண். நான் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன்.

"டேய் முத்தையா, கடிக்குமாடா?"

"கடிக்காதுடா. கொட்டும்."

"அய்யோ!"

"வயிறு நெறஞ்சிருக்கு. கொட்டாது."

"எனக்கு வெரதம்டா, என் வயிறு காலியா இருக்கு. அது போதாதா?"

அவனைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி, சொன்னபடி வில்லைக் கட்டத் தொடங்குவதற்குள் வெகுநேரம் போய்விட்டது. அதுவரை மகாராணி என் இடுப்புச் சூட்டில், என் வேட்டி மடிப்பில் உட்கார்ந்திருந்தார். என்னிடம் இருந்த ஒரே நல்ல வேட்டி அது. ராணியின் வாசம் அதில் ஊறிவிட்டது. எனக்குத்தான் அது தெரியவில்லை, ஈக்களுக்குத் தெரியும்.

எங்கள் தோட்டத்தில் காமனை எரிப்பது இருட்டிய பிறகு என்றாலும், வில்லெடுக்கிற கட்டத்தை மத்தியானத்துக்குப் பின் வெளிச்சத்திலேயே ஆடுவார்கள். லயத்துக்குக் கீழே இருந்த காமன் பொட்டலில் சனம் நிறைந்திருந்தது. தொரை வழக்கம்போல மாலை வாங்கிக்கொள்ள வந்திருந்தார். அவருக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். அன்று இரண்டு நாற்காலி போட்டிருந்தது. அதைப் பார்த்தபோதே நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு மலையேறியிருக்க வேண்டும். 'ஈ நாண் கட்டப் போறாங்க' என்று ஆயம்மா சொல்லிவிட்டிருந்தார். நுவரெலியாப் பயணத்தை நிறுத்திவிட்டுத் தொரசானி வந்து உட்கார்ந்திருந்தார். நான் தொப்பியைக் கண்டது, சாக்கை உருவிய பிறகு.

ஆனால் அந்த ஒரு நிமிஷம்! மருதை கண்ணை இறுக மூடிக்கொண்டு வில்லைத் தூக்கினான். நான் கீழே குந்தியிருந்து வில்லின் அடிநுனியைப் பிடித்துக்கொண்டேன். கரும்பின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, கல்யாணப் பெண்ணின் சடை மாதிரி, ஈக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கி மின்னின. தப்படிக்கிறவர்கள்கூட அடிக்க மறந்தார்கள். "வண்டு செத்துக் கெடக்கு" என்று கத்தவே வந்தவன் வாயைத் திறந்தபடி நின்றான். கங்காணி என்னைப் பார்த்தார். நல்லாத்தான் பார்த்தார். எதிரே பெண்கள் கூட்டத்தில் பேச்சி கையைக் கன்னத்தில் வைத்து நின்றாள். என் வாழ்க்கையில் அதைவிட உயரத்தில் நான் நின்றதில்லை; அதுவும் குந்தியிருந்தபோது.

அப்புறம் தப்பு முழங்கிற்று.

மருதை திடுக்கிட்டு வில்லை ஆட்டினான். காலைப் பனியில் நமுத்திருந்த தீப்பெட்டி திறந்துகொண்டது. ராணி புல்லில் விழுந்தது. இறக்கை வெட்டிய ராணி, பறக்க முடியாது, நடந்தது. எங்கே நடக்கும்? தெரிந்த வாசம் வருகிற இடத்துக்கு. என் வேட்டியில் ஏறி, காலையில் உட்கார்ந்திருந்த அதே மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மொத்தப் படையும் பின்னாலேயே வந்தது.

நான் மெதுவாக எழுந்து நின்றேன். ஓடினால் செத்தேன் என்று தெரியும். இடுப்பில் தொடங்கி, வயிற்றில் பரவி, நெஞ்சில் ஏறி, தாடியாகத் தொங்கின. எனக்குக் கைகால் நடுங்கியது. கண் மேலே செருகியது. உடம்பு முழுக்க ரீங்காரம். நீங்களே சொல்லுங்கள், காமன் பொட்டலில், தப்புச் சத்தத்துக்கு நடுவே, ஒருவன் இப்படி நின்றால் எங்கள் சனம் என்ன நினைக்கும்?

"சாமி வந்திருச்சுடீ!" என்று யாரோ ஒரு அம்மா அலறினாள்.

குலவை கிளம்பிற்று. சூடத் தட்டு வந்தது. மருதை வில்லைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவன் பயத்தில் விழுந்தானா பக்தியில் விழுந்தானா என்று இன்றுவரை தெரியாது. அலறிய அம்மாவே முதலில் குறி கேட்டாள்.

"சாமி, எஞ் செவலக் கோழி ரெண்டு நாளாக் காணல. எங்கிட்டு இருக்கு?"

என் உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. வாயைத் திறக்க முடியாது. "ம்ம்..." என்று மூக்கால் முனகினேன், கண் தானாகக் கீழே மருதையின் பக்கம் இறங்கியது.

"பாத்தியா, மருதையத்தான் பாக்குது சாமி! டேய் மருதை, எடுத்தாடா எங் கோழிய!"

"அக்கா, நான் வெரதத்துல இருக்கேன்!"

"வெரதத்துக்கு முன்னாடி தின்னுருப்ப!"

இதற்குள் கங்காணி வந்துவிட்டார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தப் பெரிய மீசை என் கால்விரலில் படும்படி விழுந்து எழுந்தார். கண்ணில் நீர். கையில் சூடத் தட்டு.

"சாமி, எம் மக பேச்சிக்கு ராகலையில ஒரு எடம் வந்திருக்கு. கூத்து முடிஞ்சதும் தாம்பூலம். குடுக்கலாமா சாமி? ஒரு வாக்குச் சொல்லு."

யோசித்துப் பாருங்கள். எவனுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு சந்தர்ப்பம்? 'ஈ மேய்க்கிற பயலுக்குக் குடு' என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. சொல்ல வாய் இல்லை. முனகினால் 'ம்' என்று வரும். 'ம்' என்றால் ராகலைக்காரனுக்குச் சரி என்று அர்த்தம். சும்மா நின்றாலும் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மூச்சைக்கூட நிறுத்தினேன். எதிரே பேச்சி முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தில் பிறகு புரிந்தது, சிரிக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை ஈயோடு பார்த்துப் பார்த்துப் பழகியவளுக்கு எந்தச் சாமி வந்திருக்கிறது என்று தெரியாதா?

"சாமி, ராகலைக்கே குடுத்துரவா?" கங்காணி தட்டை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். சூடப் புகை மேலே வந்தது. ஈக்குப் புகை ஆகாது.

வேண்டாம் என்று காட்ட நினைத்து, தலையை ஒரு நூலளவு ஆட்டினேன். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே ஒன்று அகப்பட்டுக்கொண்டது. அது தன் கடமையைச் செய்தது. நான் வாயை மூடியபடியே ஊளையிட்டு, ஒற்றைக் காலில் ஒரு குதி குதித்தேன்.

"வேணாமா சாமி!" கங்காணி நடுங்கிப்போனார். "கோவிச்சுக்காத! ராகலையில குடுக்க மாட்டேன்! இது சத்தியம்!" என்று உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தார்.

சூடம் அணைத்துச் செய்த சத்தியம். அதற்கு மேல் எங்கள் சனத்துக்குக் கோர்ட்டு கிடையாது.

அப்போதுதான் கூட்டம் விலகிற்று. தொரசானி நடந்து வந்தார். தட்டை ஓரமாக வைக்கச் சொல்லிக் கைகாட்டினார். தப்பை நிறுத்தச் சொன்னார். என் முன்னால் வந்து நின்று, என் கண்ணைப் பார்த்தார்.

"கண்ணு," என்றார்.

முதுகுத்தண்டு ஜில்லிட்டது. அதில் நாலைந்து ஈ இடம் மாறியிருக்கும்.

தன் தொப்பியைக் கழற்றினார். வலையைப் பிரித்தெடுத்தார். தொப்பியைக் கவிழ்த்து, விளிம்பு என் தோளைத் தொடும்படி உயர்த்திப் பிடித்தார். ஈக்குக் குணம் அது, இருட்டான இடம் மேலே இருந்தால் ஏறிப் போகும். ஆனால் ராணி போனால்தான். அவர் அவசரப்படவில்லை. ஒரு கோழி இறகு கேட்டு வாங்கி (செவலைக் கோழியின் சொந்தக்காரி உடனே எடுத்துக் கொடுத்தாள், வீட்டில் மிச்சம் இருந்தது போல), மார்பிலிருந்து கீழ்நோக்கி, தலைவாரிவிடுகிற மாதிரி ஈக்களை விலக்கிக்கொண்டே வந்தார். கூட்டம் எங்கே ஆகக் கெட்டியாக இருக்கிறதோ அங்கேதான் ராணி. கெட்டியாக இருந்தது என் இடுப்பு.

"வேட்டி," என்றார் தொரசானி.

தொரை நாற்காலியில் உட்கார்ந்தபடி பலமாக இருமினார்.

நான் மூச்சை எக்கி மடியைத் தளர்த்தினேன். இரண்டு விரலை உள்ளே விட்டு, ராணியை இறக்கையோடு சேர்த்துப் பூப்போல எடுத்து, தொப்பிக்குள் விட்டார். அவ்வளவுதான். பெரட்டு முடிந்து மலையேறுகிற ஆள்கள் மாதிரி வரிசை வரிசையாக என் நெஞ்சைக் கடந்து, தோளைக் கடந்து, எல்லாம் தொப்பிக்குள் ஏறிப் போயின. உதட்டில் இருந்த ஈ கடைசியாகப் போயிற்று. பேச வேண்டிய நேரம் போன பிறகு எனக்கு வாய் கிடைத்தது.

"எதுக்கு கண்ணு?"

"வில்லுக்கு நாண் தொரசானி... எங்க சாமிக்கு நெசமாவே ஈதான் நாண். அதான்..."

கீழே கிடந்த கரும்பு வில்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழகா இருந்துச்சு," என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே தொப்பியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "ராணிக்கு உவ்வா வந்திருக்கும். மன்னிப்புக் கேளு."

"தொரசானி..."

"கேளு, செல்லம்."

கேட்டேன். அத்தனை சனத்துக்கு முன்னால், தொப்பிக்குள் குனிந்து, "மன்னிச்சிருங்க ராணி" என்றேன். குலவையிட்ட அதே வாய்கள் எல்லாம் சிரித்த சிரிப்பு கொட்டகலை ஸ்டேஷனுக்குக் கேட்டிருக்கும். சிரிக்காதவர் ஒருவர்தான். அணைந்த சூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன் சாமி ஒரு ஈயிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் பெரியண்ணன் கங்காணி.

ஈக்களை அன்று சாயங்காலமே பெட்டியில் விட்டோம். தொரசானி என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மூன்று நாளைக்கு என்னைக் "கண்ணு" என்று கூப்பிடவில்லை, "முத்தையா" என்று மட்டும் கூப்பிட்டார். அதைவிட நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெட்டி பிழைத்தது. அதன் வம்சத்தில் வந்த பெட்டிகளைத்தான், அறுபதுகளின் நடுவில் தொரையும் தொரசானியும் கப்பலேறியபோது, அந்தப் பழைய கத்தரிக்கோலோடு என்னிடம் விட்டுப் போனார்கள். பிறகு வந்த தொரைமாருக்கு ஈயைவிட நாய்தான் பிடித்தது. ஆனாலும் பெட்டியும் நானும் ஓய்வு பெறும்வரை அந்த மரத்தடியில்தான் இருந்தோம். இதையெல்லாம் வேலை அனுபவம் என்று பையன்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கங்காணி விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் பெரட்டுக் களத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இந்தா பாரு. ராகலையில குடுக்க மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். ஒனக்குக் குடுக்குறேன்னு பண்ணல."

"சரிங்க."

"ஒன் கால்ல விழுந்ததையும் யார்கிட்டயும் பேசப்படாது."

"நான் பேசலைங்க. அவங்கதான் பேசுறாங்க." களத்தைக் காட்டினேன். களமே பேசிக்கொண்டிருந்தது.

ராகலைச் சம்பந்தம் சத்தியத்தோடு போயிற்று. பிறகு அவர் வட்டகொடையில் ஓர் இடம் பார்த்தார். பேச்சி சோற்றைப் போட்டுக்கொண்டே, "சாமியக் கேட்டீங்களாப்பா?" என்றாளாம். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அடுத்து ஹட்டனில் ஓர் இடம். "சாமியக் கேட்டீங்களாப்பா?" கோழிக்கார அம்மாவும் வாசலில் நின்று, "ஆமா கங்காணி, சாமியக் கேக்காம செய்யாதீங்க" என்று ஒத்து ஊதினாளாம். பெரட்டில் கங்காணி இப்போது "ஈ மேய்க்க ஒருத்தன்" என்று கத்துவதில்லை. கத்தினால் பின்வரிசையிலிருந்து எவனாவது, "சாமின்னு சொல்லுங்க மாஸ்டர்!" என்பான்.

அந்த வேட்டியை நான் துவைக்கவே இல்லை. பெட்டி திறக்கும்போது அதைக் கட்டினால் ஈக்கள் சாந்தமாக இருந்தன. அதோடு அதை என் ராசி என்று நம்பினேன். மெழுகும் தேனும் சீனிப்பாகும் ஏறி, சாத்திவைத்தால் தானாக நிற்கும் பக்குவத்துக்கு வந்துவிட்டது. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நாலைந்து ஈ இடுப்பைச் சுற்றிக் கூடவே வரும். அம்மா தலையிலடித்துக்கொள்வாள்.

புது வருஷம் கழித்து, மாமாவைக் கூட்டிக்கொண்டு, தாம்பூலத் தட்டோடு கங்காணி வீட்டுக்குப் போனேன். நல்ல காரியம், ஆகவே ராசியான வேட்டிதான். கங்காணி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. பேச்சி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். என் மாமா தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். கடைசியில் நானே கங்காணியை, அதுவரை கூப்பிட்டறியாத முறையில், கூப்பிட்டேன்.

"மாமா, பொண்ணு கேட்டு வந்திருக்கோம். என்ன சொல்றீங்க?"

கங்காணி இடிப்பதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பையும் அதைச் சுற்றிக்கொண்டிருந்த ஈக்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"மொதல்ல அந்த வேட்டியத் தொவச்சிட்டு வா."